மாடிக் கணினிக்குக் கீழ்த்தளக் கணினி தெரியாதபோது

ஓசூர் சிப்காட்டின் பெரிய ஆலைகளைத் தாண்டி உட்தெருக்களுக்குள் போனால், வீடும் பட்டறையும் ஒரே கட்டடத்தில் இருப்பதைப் பார்க்கலாம். கீழே லேத், வி.எம்.சி இயந்திரம், பில் போட ஒரு மேசை, மாடியில் குடும்பம். ஓசூரின் வாகன ஆலைகளுக்கும், அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜிகணி பக்கத்து நிறுவனங்களுக்கும் ஜாப் ஒர்க் செய்து பிழைக்கும் இடம் இது.

இப்படிப்பட்ட வீட்டில் சிஸ்டம் ஒன்றோடு நிற்பதில்லை. கீழே டேலி ஓடும் கணினி. மாடியில், எலக்ட்ரானிக் சிட்டிக்கு வாரத்தில் சில நாள் மட்டும் போய் மற்ற நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகளின் மடிக்கணினி. பிளஸ் டூ படித்தபோது தம்பிக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினி. இயந்திரத்தோடு வந்த, இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் ஒரு பெட்டி. எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே ஃபைபர் இணைப்பில் இருக்கின்றன. ஆனாலும் ஒன்றுக்கு மற்றொன்று தெரிவதில்லை.

மாநில எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் இ-வே பில் கட்டாயம். ஜாப் ஒர்க்குக்காக ஒரு மாநிலத்து நிறுவனம் இன்னொரு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது வேண்டும். வண்டி ஏற்றி நிற்கும்; பில் மாடிக் கணினியில் தயாராக இருக்கும்; பிரிண்டர் கீழே இருக்கும். அப்போது திரையில் "நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை" என்று வந்தால், வீட்டில் எல்லோருக்கும் கை நடுங்கும்.

அந்த அவசரத்தில் பெரும்பாலும் நடப்பது என்ன? ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது, டிரைவ் முழுவதையும் எல்லோருக்கும் திறந்துவிடுவது, கைவிடப்பட்ட பழைய நெறிமுறையைத் திரும்ப உயிர்ப்பிப்பது. சில சமயம் வேலை நடந்துவிடும். எது கோளாறு என்று மட்டும் தெரியாது; திறந்த கதவு திறந்தபடியே இருக்கும்.

இந்த அத்தியாயம் சொல்லும் முறை வேறு. முற்றிலும் வெவ்வேறான நான்கு கோளாறுகளுக்கு விண்டோஸ் ஏறத்தாழ ஒரே செய்தியைத்தான் காட்டுகிறது. அவற்றைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், எதையும் அணைக்காமலே பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். இரண்டும் ஒரே வலையில் இருக்கின்றனவா? கூப்பிட்டால் பதில் வருகிறதா? பெயரைச் சொன்னால் தெரிகிறதா? உள்ளே விட அனுமதி இருக்கிறதா? இந்த வரிசையை மாற்றக் கூடாது.

ஒரே வலையில் இருக்கின்றனவா?

இரண்டு கணினிகளிலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "ஐபிகான்ஃபிக்" கட்டளையைக் கொடுத்து, ஐபிவி4 முகவரியைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதன் கீழே சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால், முதல் மூன்று எண்களும் இரண்டு கணினிகளிலும் ஒன்றாக இருந்தாக வேண்டும். 192.168.1.20, 192.168.1.35 ஆகிய இரண்டும் ஒரே வலை. 192.168.1.20, 192.168.0.35 ஆகியவை வேறு வேறு வலை.

வேறு வேறாக வருவதற்கு மாடி வீடுகளில் முதல் காரணம் இரண்டாவது ரவுட்டர். கம்பெனிக்காரர் கீழே ஃபைபர் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று வீட்டுக்காரர் கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து, அதன் 'வான்' துளையில் செருகுவார். இன்டர்நெட் வரும், எல்லோரும் திருப்தி அடைவார்கள். ஆனால் மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு புதிய வலையைத் தொடங்கிவிட்டது. ஜியோ ஃபைபர் பெட்டி 192.168.29 என்ற தொடரில் எண் கொடுக்கும். வேறு பல பெட்டிகள் 192.168.1 தொடரைக் கொடுக்கும். டிபி-லிங்க் ரவுட்டர்கள் பல 192.168.0 தொடரைக் கொடுக்கும். இப்படி வீட்டுக்குள் இன்னொரு மதில் எழும்பிவிடுகிறது.

இதை அடையாளம் காண ஒரு நல்ல துப்பு உண்டு. மாடிக் கணினியிலிருந்து கீழ்த்தளக் கணினியை எண் போட்டுக் கூப்பிட்டால் பதில் வரும். கீழிருந்து மாடியைக் கூப்பிட்டால் வராது. ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் இரண்டாவது ரவுட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தீர்வு எளிது. மாடி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற முறை இருந்தால் அதற்கு மாற்றிவிடலாம். அது இல்லாத பழைய ரவுட்டர் என்றால் மூன்று வேலை: அதன் சொந்த முகவரியைக் கீழ்ப்பெட்டியின் தொடரிலேயே, வேறு எதற்கும் போகாத ஓர் எண்ணாக மாற்ற வேண்டும், எண் வழங்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்த வேண்டும், கேபிளை 'வான்' துளையிலிருந்து எடுத்து 'லேன்' துளை ஒன்றில் செருக வேண்டும். இதன்பின் வீடு முழுவதற்கும் கீழ்ப்பெட்டி ஒன்றே எண் கொடுக்கும்.

எண்கள் ஒரே தொடரில் இருந்தும் தெரியவில்லை என்றால், கணினி எந்த வைஃபை பெயரில் இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். விருந்தினருக்கென்று வைத்த கெஸ்ட் வைஃபையில் இணைந்த கருவி வீட்டுக் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். ரவுட்டரின் வயர்லெஸ் பக்கத்தில் 'ஏபி ஐசோலேஷன்' என்ற குறி விழுந்திருந்தாலும் இதே கதிதான்: இன்டர்நெட் எல்லோருக்கும் வரும், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை பெயர் இருப்பது பொதுவாகப் பிரச்சினை ஆகாது. ஒரே ரவுட்டரின் முதன்மை வைஃபையாக இருந்தால் இரண்டும் ஒரே வலைதான்.

169.254 என்று தொடங்கும் எண் வந்தால் கதை வேறு. ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காததால் கணினி தானாகவே போட்டுக்கொண்ட எண் அது. கரண்ட் போய் வந்த வீட்டில், ஃபைபர் பெட்டி முழுதாக எழுவதற்குள் கணினி எழுந்துவிட்டால் இப்படி ஆகலாம். கேபிள் முனை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு "ஐபிகான்ஃபிக் /ரென்யூ" கொடுத்தால் புது எண் வந்துவிடும்.

கரண்ட் இன்னொரு விதத்திலும் குழப்பும். ரவுட்டர் மறுபடி எழும்போது கருவிகளுக்குப் பழைய எண்ணையே தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேற்று 192.168.1.20 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.24 ஆகலாம்; எண்ணை வைத்து அமைத்த குறுக்குவழிகள் எல்லாம் செத்துப்போகும். ரவுட்டரின் அமைப்பில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதிக்குப் போய், பிரிண்டருக்கும் கோப்பு வைத்திருக்கும் கணினிக்கும் நிலையான எண் ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கணினி வைஃபையில் இருந்தால், விண்டோஸின் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' வசதி அணைந்திருக்க வேண்டும். இல்லையெனில் ரவுட்டர் அதை அடையாளம் காணாது. ஃபைபர் பெட்டிக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

கூப்பிட்டால் பதில் வருகிறதா?

ஒரே வலை என்று உறுதியானதும் ஒரு கணினியிலிருந்து மற்றதன் எண்ணைப் போட்டு "பிங்" கொடுக்க வேண்டும். பதில் வந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம். வராவிட்டால், வராத விதத்தைக் கவனிக்க வேண்டும். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றால் எதிர்க் கணினி வலையிலேயே இல்லை: அணைந்திருக்கிறது, அல்லது உறங்கிவிட்டது, அல்லது ரவுட்டர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் அது அங்கேயே இருந்துகொண்டு, அதன் ஃபயர்வால் பதில் சொல்ல விடாமல் தடுக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

உறங்குவது பலர் நினைத்துப் பார்க்காத காரணம். காலையில் தெரிந்த கணினி மதியம் காணாமல் போய், கீழே யாராவது மௌஸைத் தொட்டதும் திரும்பி வந்தால், கோளாறு நெட்வொர்க்கில் இல்லை. பொதுக் கோப்பும் பிரிண்டரும் இருக்கும் கணினியின் பவர் அமைப்பில், மின் இணைப்பில் இருக்கும்போது 'ஸ்லீப்' ஆகக் கூடாது என்று வைத்தால் போதும்.

ஃபயர்வால்தான் காரணம் என்றால் அதை அணைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் ஒவ்வொரு வலையையும் 'பப்ளிக்' அல்லது 'பிரைவேட்' என்று பிரித்து வைத்திருக்கிறது. ரயில் நிலைய வைஃபைக்கு ஏற்றது பப்ளிக்: மற்ற கணினிகளிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஏற்றது பிரைவேட். விண்டோஸ் 10-உம் 11-உம் புதிய வலை எதையும் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும். இணைப்புக் கம்பெனியை மாற்றி, புதுப் பெட்டி வந்த அன்றிலிருந்து கணினிகள் ஒன்றையொன்று காணவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பழையதாகவே இருக்கலாம். விண்டோஸுக்கு அது புது வலை. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதிக்குப் போய், இணைப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் பிரைவேட் என்று மாற்ற வேண்டும். பிறகு 'அட்வான்ஸ்டு ஷேரிங்' பக்கத்தில், பிரைவேட் பிரிவில் மட்டும் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் போட வேண்டும். இதை எல்லாக் கணினிகளிலும் செய்தாக வேண்டும்.

இதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸைப் பார்க்க வேண்டும். பல ஆன்டிவைரஸ்கள் தங்களுடைய ஃபயர்வாலைக் கொண்டுவருகின்றன. அதிலும் வீட்டு வலையை நம்பகமானது என்று தனியாகக் குறிக்க வேண்டியிருக்கும். கோப்புப் பகிர்வுக்கான கதவு திறந்திருக்கிறதா என்று பவர்ஷெல்லில் நேராகவே சோதிக்கலாம். "டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்" கட்டளையில் எதிர்க் கணினியின் எண்ணையும் போர்ட் 445 என்பதையும் கொடுத்தால் 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்' என்று பதில் வரும். பிங்குக்குப் பதில் இல்லாமல் 445 மட்டும் திறந்திருப்பதும் உண்டு. அப்படியானால் கவலை இல்லை.

பெயரைச் சொன்னால் தெரிகிறதா?

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'நெட்வொர்க்' என்ற இடத்தைச் சொடுக்கினால் வரும் பட்டியலை வைத்தே பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் வலையிலேயே இல்லை என்று ஆகாது. விண்டோஸ், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தி 'ரன்' திறந்து, \\192.168.1.20 என்று இரண்டு சாய்கோடு போட்டு எண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கோப்புகள் திறந்துவிட்டால் இணைப்பில் குறை எதுவும் இல்லை. பெயர்ப் பட்டியல்தான் தயாராகவில்லை.

ஏன் தயாராவதில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் அந்தப் பட்டியலைத் தயாரித்த 'கம்ப்யூட்டர் பிரவுசர்' சேவை, எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையை நம்பி ஓடியது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி 1 வருவதில்லை. பழைய பட்டியல் முறையும் அதோடு போயிற்று. விண்டோஸ் 7 காலத்தில் வீட்டுப் பகிர்வை எளிதாக்கிய 'ஹோம்குரூப்' 2018-இல் வந்த 1803 பதிப்பில் நீக்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு கணினியும் தன் இருப்பைத் தானே அறிவிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்ற சேவை. சர்வீசஸ் பட்டியலில் அதைத் தேடி, தொடங்கும் முறையை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிவிட்டால், காணாமல் போன கணினி சில நிமிடங்களில் பட்டியலில் வந்துவிடும்.

இரண்டு கணினிகளுக்கு ஒரே பெயர் இருப்பதும் தொல்லை தரும். கடையில் ஒரே பிரதியை வைத்து நிறுவித் தந்த அசெம்பிள் கணினிகளில் இது நடக்கும். 'பில்', 'மாடி', 'பட்டறை' என்பது போலக் குறுகிய பெயரை, 15 ஆங்கில எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் வைப்பது நல்லது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸுடன், சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் சில இன்றும் லினக்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸில் கோப்புப் பகிர்வைச் செய்யும் சாம்பா, விண்டோஸின் புதிய அறிவிப்பு முறையைத் தானாகப் பேசுவதில்லை. அதனால் பட்டியலில் தெரியாவிட்டாலும் எண் போட்டால் திறக்கும். எண்ணை ரவுட்டரில் ஒதுக்கி, அதையே ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிட்டால் பட்டியலைத் தேடவே வேண்டாம்.

உள்ளே விட அனுமதி இருக்கிறதா?

கணினி தெரிகிறது, சொடுக்கினால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, எதைப் போட்டாலும் மறுக்கிறது. இந்த இடம் வரை வந்துவிட்டால் நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பட்டறைக் கணினியில் யாரும் கடவுச்சொல் வைப்பதில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் பில் போட வேண்டுமே. ஆனால் கடவுச்சொல் இல்லாத கணக்கை நேரில் உட்கார்ந்து மட்டுமே பயன்படுத்தலாம், நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது என்பது விண்டோஸின் இயல்பான விதி. வெற்றிடம் விட்டு எத்தனை முறை எண்டர் தட்டினாலும் திறக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவர்களுக்கு வேறொரு குழப்பம்: தினமும் போடும் நான்கு இலக்க பின் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. நெட்வொர்க்கில் கேட்பது கணக்கின் முழுக் கடவுச்சொல்.

இரண்டுக்கும் ஒரே தீர்வு உண்டு. கோப்பு வைத்திருக்கும் கணினியில், பகிர்வுக்கென்றே ஓர் உள்ளூர்க் கணக்கை உருவாக்கி, அதற்குக் கடவுச்சொல் வைக்க வேண்டும். மற்ற கணினிகளில் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, நினைவில் வைக்கச் சொல்ல வேண்டும். அன்றாடம் நுழையும் முறையை யாரும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. முன்பு போட்ட தவறான கடவுச்சொல் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பட்டியலில் தங்கியிருந்தால் அதை நீக்கிவிட்டு முயல வேண்டும்.

பகிரும் ஃபோல்டருக்கு இரண்டு அடுக்கு அனுமதி உண்டு: 'ஷேரிங்' தாவலில் ஒன்று, 'செக்யூரிட்டி' தாவலில் ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். டேலி தரவு ஃபோல்டரைப் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் இந்த இரண்டையும் ஒப்பிட வேண்டும். சி டிரைவ் முழுவதையும் ஒருபோதும் பகிரக் கூடாது. தேவையான ஃபோல்டர் மட்டும் போதும்.

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு, ரவுட்டரில் செருகிய பென்டிரைவும் பழைய நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியும் திடீரென்று திறக்க மறுத்ததைப் பலர் கண்டார்கள். அந்தப் பதிப்பின் ப்ரோ வகை, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை. கையொப்பமிட்ட தொடர்பையும் கட்டாயமாக்குகிறது. விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட, அந்தப் பெட்டியில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைப்பதே சரி. பிரிண்டரைப் பகிரும்போது 11பி என்று முடியும் பிழை வந்தால், அது 2021 செப்டம்பரில் கட்டாயமான பாதுகாப்பு மாற்றத்தின் விளைவு. இரண்டு கணினிகளையும் அப்டேட் செய்ய வேண்டும். ஒன்று விண்டோஸ் 7 ஆக இருந்தால், கணினி வழியாகப் பகிர்வதை விட்டுவிட்டு, பிரிண்டரையே ரவுட்டரோடு இணைத்து அதன் எண்ணால் அச்சிடுவது நல்லது.

இயந்திரத்தோடு வந்த எக்ஸ்பி பெட்டி

இயந்திரத்துக்குப் புரோகிராம் அனுப்பும் கணினி எக்ஸ்பியில் ஓடினால், அதற்கு எஸ்எம்பி 1 தவிர வேறு மொழி தெரியாது. அதைப் பார்ப்பதற்காகப் புதிய கணினிகளில் எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அதைக் கேட்கக் கூடாது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை தீம்பொருள், அந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தாவியது. சென்னை ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிஸான் கார் ஆலையும் அதில் சிக்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலையில், சோதிக்காமல் வலையில் இணைத்த ஒரு புதிய கருவியின் வழியாக அதே தீம்பொருளின் ஒரு வகை புகுந்து உற்பத்தியை நிறுத்தியது. அவ்வளவு பெரிய ஆலைகளுக்கே அந்த நிலை என்றால், டேலி கணக்கும் வாடிக்கையாளர் டிராயிங்குகளும் ஒரே கணினியில் இருக்கும் வீட்டுப் பட்டறை எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

பாதுகாப்பான வழி, இடையில் ஒரு சிறு லினக்ஸ் கணினி. ஒரு ராஸ்பெரி பையும் கூடுதலாக ஒரு யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரும் போதும். ஒரு கேபிள் எக்ஸ்பி பெட்டிக்கு மட்டும் போகும். அந்தப் பக்கம் சாம்பா பழைய மொழியில் பேசும். மற்ற கேபிள் வீட்டு வலைக்கு. அங்கே புதிய மொழி மட்டும். மாடியில் எழுதிய புரோகிராம் நடுவிலுள்ள ஃபோல்டருக்கு வரும், எக்ஸ்பி அதை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பி பெட்டிக்கு இன்டர்நெட்டும் கிடையாது, வீட்டுக் கணினிகளும் தெரியாது. சில இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே எஃப்டிபி வசதி இருக்கும். இருந்தால் அதையும் இதே தனிக் கேபிளில் பயன்படுத்தலாம்.

கம்பெனி மடிக்கணினி

மாடியில் இருக்கும் மடிக்கணினி நிறுவனத்தின் சொத்து என்றால், மேலே சொன்ன பல அமைப்புகள் அதில் பூட்டப்பட்டிருக்கும். விபிஎன் இணைந்த கணத்தில் எல்லாப் போக்குவரத்தும் அலுவலகத்துக்குத் திரும்பி, வீட்டுப் பிரிண்டர் மறைந்துவிடலாம். விபிஎன்னைத் துண்டித்ததும் பிரிண்டர் தெரிந்தால் காரணம் அதுவே. அதை மாற்ற வழி தேடக் கூடாது. நிறுவனத்தின் ஐடி பிரிவிடம் கேட்டு அனுமதி பெறலாம், இல்லையேல் விட்டுவிட வேண்டும். பட்டறை பில்லை அந்தக் கணினியில் போடாமல் இருப்பதே எல்லா வகையிலும் நல்லது. அவசரம் என்றால், இ-வே பில் தளத்தைக் கைபேசியில் திறந்து பிடிஎஃப் கோப்பாக இறக்கி, வைஃபையில் இணைந்த பிரிண்டருக்குக் கைபேசியிலிருந்தே அனுப்பிவிடலாம். கைபேசியும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.